அசல் 1959 லெஸ் பால் கிதார்: பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் நன்றாக கிதார் வாசிப்பார். அங்கே ஒருவர் தன் தாத்தா வைத்திருந்த 1959ஆம் வருடத்து கிப்ஸன் லெஸ் பால் கிதாரை 40,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறாராம். பாதிப் பணம் நான் போட முடியுமா என்று மச்சான் கேட்கிறார். ஒரு பழைய கிதாருக்கு இவ்வளவு விலையா, அப்படி என்ன இருக்கிறது அதில்?

பதில்: பணத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். 40,000 டாலர் அதிகம் என்பதால் சொல்லவில்லை, அது ரொம்பக் குறைவு என்பதால்தான் சொல்கிறேன். எல்லா உறுப்பும் அசலாக இருக்கிற 1959 லெஸ் பால் ஸ்டாண்டர்டு இன்றைக்கு இரண்டு மூன்று லட்சம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. நம் கணக்கில் இரண்டு கோடி ரூபாய் பக்கம் வரும். அதை ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கிறார் என்றால் கழுத்து உடைந்து ஒட்டியிருக்கலாம், பெயிண்ட் புதிதாக அடித்திருக்கலாம், உள்ளே இருந்த பாகங்கள் போயிருக்கலாம், அல்லது அது 1959ஆகவே இல்லாமல் இருக்கலாம்.

விலை ஏன் இப்படி ஏறியது என்பது சுவாரசியமான கதை. மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ ஊரில் இருந்த கிப்ஸன் கம்பெனி, கிதார் கலைஞர் லெஸ் பாலின் பெயரை வைத்து 1952இல் இந்த எலெக்ட்ரிக் கிதார் மாடலைக் கொண்டுவந்தது. அப்போது தங்க நிறம். ஃபெண்டர் கம்பெனி, உள்ளே கூடு இல்லாமல் முழுக்க மரமான கிதாரை விற்க ஆரம்பித்திருந்த நேரம், கிப்ஸன் தலைவர் டெட் மெக்கார்ட்டியால் சும்மா இருக்க முடியவில்லை. 1957இல் புது ஹம்பக்கர் பிக்கப் வந்தது (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச் சுருளும் வைத்து மின்சாரமாக மாற்றும் பாகம்; ஹம்பக்கர் என்றால் ரீங்காரத்தை அடக்கும் வகை). 1958இல் தங்க நிறத்தை விட்டுவிட்டு, மேலே ஒட்டிய மேப்பிள் பலகையின் வரி தெரியும்படி நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செர்ரிச் சிவப்புமாக அடித்தார்கள். இதைத்தான் வாசிப்பவர்கள் 'பர்ஸ்ட்' என்கிறார்கள். அப்போது விலை 250 டாலர் சுமார். அதற்கே ஆள் வரவில்லை. 1960இல் நிறுத்திவிட்டு 1961இல் இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடம்புக்கு மாறிவிட்டார்கள். மூன்று வருடத்தில் செய்தது சுமார் 1,500தான்.

யாரும் வேண்டாம் என்று விட்ட அந்தக் கிதார்கள் செகண்ட்ஹேண்டாக இங்கிலாந்துப் பையன்கள் கைக்குப் போனது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1964லேயே ஒன்றை மேடையில் வைத்திருந்தார். 1966இல் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவோடு கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்த ஆல்பம் வந்ததும் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்றாகிவிட்டது. கிளாப்டனின் அந்தக் கிதார் அதே வருடம் திருடு போனது, இன்றுவரை அவர் கைக்கு வரவில்லை. கேட்கிறவர்கள் கூடக்கூட, 1968இல் கிப்ஸனே லெஸ் பாலைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. ஆனால் பழையது 1,500தானே.

சரி, உங்கள் மச்சானிடம் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்? தலைப் பகுதியின் பின்பக்கம் எண் மையால் அச்சிட்டதாக இருக்க வேண்டும், 1959 என்றால் 9இல் தொடங்கி ஐந்து இலக்கம். மரத்தில் அழுத்திப் பதித்த எண் என்றால் அது 1961க்குப் பிந்தைய வழக்கம், அங்கேயே கிளம்பி வந்துவிடலாம். பின்மூடியைக் கழற்றினால் வால்யூம், டோன் குமிழ்களோடு சேர்ந்த பாகங்களின் ('பாட்' என்பார்கள்) முதுகில் எண் இருக்கும், அதில் முதல் மூன்று இலக்கம் தயாரித்த கம்பெனி, பிறகு வருடமும் வாரமும். ஈயம் வைத்த இடம் பழசாக மங்கி இருக்கிறதா, புதிதாகப் பளபளக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அப்புறம் பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்துப் பார்ப்பது முக்கியம். அந்தச் செர்ரிச் சிவப்புச் சாயம் வெயில் பட்டால் வெளுத்துவிடும், அதனால்தான் சில கிதார்கள் இன்று தேநீர் நிறத்திலும் சில எலுமிச்சை நிறத்திலும் இருக்கின்றன. ஆனால் வெளிச்சம் படாத சட்டத்தின் அடியில் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். மேலேயும் அடியிலேயும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் யாரோ வெளுத்த மாதிரியே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 1957 தங்க நிறக் கிதாரைச் சுரண்டி 'பர்ஸ்ட்' ஆக்குகிற வேலையும் நடக்கிறது. அது நல்ல கிதாராகவே இருக்கும், ஆனால் 'பர்ஸ்ட்' விலை கொடுக்கக் கூடாது.

கடைசியாக, வேறு ஒரு நிபுணரிடம், விற்பவர் சொல்கிற ஆளிடம் அல்ல, கிதாரைக் கழற்றிக் காட்டி எழுத்தில் சான்று வாங்காமல் ஒரு டாலர் கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. தாத்தா கதைக்கு விலை கிடையாது, தாத்தா வாங்கிய ரசீதும், கையில் வைத்து எடுத்த பழைய போட்டோவும் இருந்தால் அதற்கு நிச்சயம் விலை உண்டு.

கேள்வி: அந்தச் சத்தம் மரத்தால் வருகிறதா, பிக்கப்பால் வருகிறதா? கடைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: மஹோகனி உடம்பு, மேலே மேப்பிள், இரண்டும் சேர்ந்து தந்தி அதிர்வை நீண்ட நேரம் நிற்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் என் காது சொல்வது, பெரும்பங்கு பிக்கப்புக்கும், சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்புக்கும்தான்.

அந்த பிக்கப்பைச் செய்தவர் கிப்ஸனில் வேலை பார்த்த ஸெத் லவர். ஒற்றைச் சுருள் பிக்கப் பக்கத்து டிரான்ஸ்பார்மரின் ரீங்காரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இவர் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்தார், ரீங்காரம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் சத்தம் மட்டும் கூடும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1959இல். இடைப்பட்ட காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு சின்ன ஸ்டிக்கரை அடியில் ஒட்டினார்கள், அதன் ஆங்கில முதலெழுத்துகளே பெயராகி 'பிஏஎஃப்' ஆகிவிட்டது.

அதன் அழகு அதன் ஒழுங்கின்மையில் இருக்கிறது. சுற்று எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும், ஒரு சுருளில் கூட, இன்னொன்றில் குறைய. கையில் அகப்பட்ட காந்தத்தைப் போட்டார்கள். இரண்டு சுருளும் சமமாக இல்லாதபோது மேல்ஸ்தாயி ஓரம் மழுங்காமல் வருகிறது. அதனால் தடித்த ஒலிக்குள்ளேயும் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கும். மெழுகில் முக்காததால் விரல் நகம் பட்டாலும் லேசாக எதிரொலிக்கும். ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959 கிதாரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பிக்கப்பின் காந்தம் திருப்பிப் போடப்பட்டது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துத் தட்டினால் அடிக்குரல் வற்றி, மூக்கால் பாடுவது போல ஒரு தேம்பல் வரும். வேறு எந்த லெஸ் பாலும் அப்படிப் பாடாது. ஒரு காந்தம் திரும்பியதற்கு இவ்வளவு வித்தியாசம் என்றால் மரத்தைப் பற்றி எதற்குச் சண்டை? அந்தக் கிதார் பிறகு கிதார் கலைஞர் கேரி மூரிடம் இருந்தது, இப்போது மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

ஆம்ப் விஷயம்: கிளாப்டன் 1966இல் மார்ஷல் ஆம்பை மேடையில் வைக்கிற சத்தத்திலேயே ஸ்டூடியோவிலும் வைத்துத்தான் பதிவு செய்தார். பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப் திணறும்போதுதான் அந்தக் குரல் வருகிறது. வால்யூமைக் குறைத்தால் இரண்டு கோடி ரூபாய்க் கிதாரிலும் அது வராது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒன்றரை லட்சம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலாவது போக முடியுமா?

பதில்: தாராளமாக. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஸ்லாஷ் 1987 ஆல்பத்தில் வாசித்தது கிப்ஸனே கிடையாது. கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் 1959ஐப் பார்த்துச் செய்த நகல், அதில் ஸீமோர் டங்கன் பிக்கப். அதைக் கேட்டு கிப்ஸன் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

கிப்ஸனின் சகோதர பிராண்டான எபிஃபோனில் ஒரு நல்ல லெஸ் பால் எடுங்கள், மிச்சப் பணத்தில் பிஏஎஃப் பாணியில், சுற்று குறைவாக உள்ள பிக்கப் போடுங்கள், ஒரு சின்ன வால்வு ஆம்புக்கும் ஒதுக்குங்கள். 'ஹாட்' என்று, அதாவது சுற்றைக் கூட்டி, விற்கிற பிக்கப் வேண்டாம், அது நேர் எதிர்த்திசை. தேய்ந்த மாதிரி, கீறிய மாதிரிச் செய்து தருகிறோம் என்று கூடுதல் பணம் கேட்பார்கள், அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

செகண்ட்ஹேண்ட் என்றால் ஒரே ஒரு இடத்தை விட்டுவிடாதீர்கள். லெஸ் பாலில் கழுத்தும் தலையும் ஒரே மஹோகனித் துண்டு, தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், அந்த வளைவில்தான் டிரஸ் ராடு என்கிற, கழுத்தை வளையாமல் நிறுத்தும் உலோகக் கம்பிக்கான குழியும் வெட்டியிருப்பார்கள். கிதார் மல்லாக்க விழுந்தால் அங்கேதான் உடையும். நான் முன்பு ஒரு கடையில் ஆசைப்பட்டு எடுத்த பழைய கிதாரில், இரண்டு மாதம் கழித்துத் தந்தி மாற்றும்போது நட்டுக்கு, அதாவது கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் தந்திகள் உட்காரும் சின்னத் துண்டுக்கு, கீழே முடி அளவுக்கு ஒரு கோடு கண்ணில் பட்டது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. உடைந்து ஒட்டி மேலே லாக்கர் அடித்திருந்தார்கள். கடைக்காரர் தெரியாது என்றார். வாசிக்க நன்றாகவே இருந்தது, ஆனால் நான் கொடுத்த விலையில் பாதிக்கும் அதை யாரும் எடுக்கவில்லை. கடையில் நிற்கும்போதே கழுத்தின் பின்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள், கட்டைவிரலால் தடவுங்கள், கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டில் பழைய கிதார் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டா?

பதில்: சுங்கவரி தனி. அதைவிடப் பெரிய விஷயம் மரம். 1959 லெஸ் பாலின் ஃபிங்கர்போர்டு, அதாவது கழுத்தில் விரலால் தந்தியை அழுத்தும் பலகை, பிரேசில் ரோஸ்வுட், அது 1992இலிருந்து அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் செய்யலாம். இப்போது செய்கிற கிப்ஸன் லெஸ் பால்களின் ஃபிங்கர்போர்டு பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டி மரம், அதில் செய்த முழுக் கிதார்களுக்கு 2019இல் விலக்கு வந்துவிட்டது. எந்த மரம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் கேட்டால் கையில் இருக்கட்டும்.