புதிதாக எதுவும் வாங்காமல் பழைய கம்ப்யூட்டரை ஓட வைப்பது: கேள்வி பதில்

தொடங்கும் முன்: ரேம் கூட்டலாமா, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றலாமா என்று கேட்டால் "மாற்றலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. இன்று பேசப்போவது காசு செலவில்லாத வழிகளை மட்டும்.

கேட்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (கணக்குப் போடும் சிப்), மெமரி (அதாவது ரேம்), டிஸ்க் மூன்றில் எது 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். "ரொம்ப ஸ்லோ" என்று மட்டும் எழுதுபவர்களுக்கு என் பதிலும் "ஆமாம்" என்று மட்டும்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்: 2016-ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதம் என்கிறது. ஆனால் பக்கத்திலேயே வேகம் 1.2 எம்பி என்கிறது. முழு மூச்சாக வேலை செய்தும் இவ்வளவுதானா?

இதுதான் கேள்வி, டீச்சர். இத்தனை வருடத்தில் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்துக் கேட்டவர்கள் குறைவு.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு. அப்படியென்றால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ஒரு கோப்பைப் படிக்க, முள் முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுழன்று முள்ளுக்கு அடியில் வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 15 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். நொடிக்கு 65 முறைக்கு மேல் முடியாது. ஒவ்வொரு முறையும் எடுப்பது 16 கேபி துண்டு என்றால் மொத்தமே 1 எம்பிதான். இதே டிஸ்க் ஒரு சினிமாவை வரிசையாக நகல் எடுக்கும்போது நொடிக்கு 100 எம்பி வரை கொடுக்கும். ஆக, டிஸ்க் சோம்பேறி இல்லை. இருபது பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் அங்குமிங்கும் ஓடியே அதற்குப் பொழுது போய்விடுகிறது.

எனவே மருந்து, கூப்பிடுபவர்களைக் குறைப்பது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். வீடியோ கால் செயலி, வாட்ஸ்அப், பாட்டுச் செயலி, பிரிண்டரின் மை அளவு காட்டும் பெட்டி, நீங்கள் பயன்படுத்தாத கிளவுட் சேமிப்பு எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள். செயலி அழியாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆடியோ, டச்பேட், விண்டோஸ் செக்யூரிட்டி என்று இருப்பவற்றைத் தொட வேண்டாம்.

அப்புறம், பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் சிஸ்மெயின் என்று ஒன்று இருக்கும். முன்பு சூப்பர்ஃபெட்ச் என்று பெயர். நீங்கள் அடிக்கடி திறப்பதை ஊகித்து முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது அதன் வேலை. நல்ல எண்ணம்தான். ஆனால் 4 ஜிபி ரேமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள இடத்தில் சில சமயம் அதுவே பாரமாகிவிடும். ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் திரும்ப ஓட விடுங்கள்.

இன்னொன்று. சிபியு பக்கத்தில் அப்டைம் என்று ஒரு எண் இருக்கும். தினமும் அணைக்கும் உங்கள் லேப்டாப் அதில் 40 நாள் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக உள் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பு பேரப்பிள்ளைகளின் படங்களை வேறு ஒரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இவ்வளவு வயதான டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் வேகத்தை மறந்துவிடுங்கள். டிஸ்க் விடைபெறத் தயாராகிறது.

கல்லூரி மாணவர், தூத்துக்குடி: அண்ணா, விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதிக்குப் போய் பிராசஸர் எண்ணிக்கையை 4 என்று வைத்தால் சிபியுவின் நாலு கோரும் வேலை செய்யும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வைத்துவிட்டேன். வேகமான மாதிரிதான் இருக்கிறது.

தம்பி, "மாதிரி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கட்டம் கோர்களைக் கட்டுப்படுத்துவதற்கு வைத்தது, கூட்டுவதற்கு அல்ல. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் இருக்கிற எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். உங்கள் சிபியுவில் எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) இருந்தால், 4 என்று வைத்துப் பாதியை நீங்களே அணைத்திருக்கிறீர்கள். போய் டிக்கை எடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், மதுரை: நான் தினமும் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து பத்துப் பதினைந்து முறை ரெஃப்ரெஷ் கொடுப்பேன். போதுமா, இன்னும் கொடுக்க வேண்டுமா?

ஐகான்களைத் திரும்ப வரைவதைத் தவிர அது எதுவும் செய்யாது. விரலுக்குப் பயிற்சி.

அரிசி மண்டி, தஞ்சாவூர்: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் பில் போட முடியவில்லை. டிஸ்க், மெமரி எல்லாம் குறைவாகத்தான் இருக்கிறது. சிபியு வேகம் மட்டும் 0.8 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. காலையில் 3-க்கு மேல் இருந்தது.

உங்கள் கம்ப்யூட்டருக்குச் சூடு தாங்கவில்லை, ஐயா. குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மண்டியில் மூட்டைத் தூசியும் உமியும் உள்ளே போய், விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, மீதமிருக்கும் பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். மூட்டைக்குக் காற்றடிக்கும் புளோயர் இருந்தால் தூரத்திலிருந்து அடிக்கலாம், ஆனால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இஷ்டத்துக்குச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பெட்டியைத் தரையிலிருந்து ஒரு ஸ்டூல் மேல் ஏற்றினாலே பாதித் தூசி குறையும்.

இதைச் செய்த பிறகும் வேகம் ஏறவில்லை என்றால் பவர் பிளானைப் பாருங்கள். யாராவது பவர் சேவரில் வைத்திருப்பார்கள்.

இல்லத்தரசி, கோவை: நெட் பார்க்கும்போதுதான் பிரச்சினை. கூடவே "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று மூலையில் ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கிறது.

அது வைரஸ் எச்சரிக்கை இல்லை, விளம்பரம். ஏதோ ஒரு தளம் "அலௌ கொடுங்கள்" என்று கேட்டபோது கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அடுத்து எக்ஸ்டென்ஷன் பட்டியல். கூப்பன் தேடுவது, பிடிஎஃப் மாற்றுவது என்று வந்து உட்கார்ந்திருப்பவற்றை வெளியேற்றுங்கள். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் இரண்டும் பார்க்காத டேப்களைத் தூங்க வைக்கும். விளம்பரத் தடுப்பான் ஒன்று போட்டால் தமிழ்ச் செய்தித் தளங்கள் திறக்கும் வேகமே வேறு.

வங்கி ஊழியர், சேலம்: ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர் இதில் எது சிறந்தது?

எதுவும் வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நூறு பழைய வரிகளை அழிப்பதால் வேகம் கூடாது. தவறான ஒன்றை அழித்தால் செயலி திறக்காது. பூஸ்டர் என்று வருவது தானும் ஸ்டார்ட்அப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெயர் பெற்றதென்றால் பாதுகாப்பு என்றும் இல்லை: 2017-ல் சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே திருட்டு நிரல் புகுத்தப்பட்டு அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே பரவியது. ஸ்லோவான கம்ப்யூட்டரில் இன்னொன்றை நிறுவி வேகம் கூட்ட நினைக்காதீர்கள். எடுக்கத்தான் வேண்டும்.

திருச்சி: இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பா?

இரட்டைப் பாரம். ஒன்றை நீக்குங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும்.

ஒரு அப்பா, விழுப்புரம்: மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப், 2 ஜிபி ரேம். மேலே சொன்னதெல்லாம் செய்துவிட்டேன். இன்னும் நகரவில்லை. தூக்கிப் போடுவதா?

வேண்டாம். 2 ஜிபியில் இன்றைய விண்டோஸுக்கு மூச்சுவிடவே இடம் போதாது. அங்கே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள். அதில் கனம் குறைந்த வகையான லுபுண்டு இறங்கினால் படிப்பு, தட்டச்சு, ஒன்றிரண்டு டேப் எல்லாம் நடக்கும். 4 ஜிபி உள்ளவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இரண்டும் இலவசம். படங்களை நகல் எடுத்தீர்களா?

ஜிஎஸ்டி கணக்கர், ஈரோடு: வந்துவிட்டது லினக்ஸ். கணக்கு எழுதும் டேலி ஓடுமா? டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்யுமா? சும்மா ஆசை காட்டாதீர்கள்.

நான் சொன்னது ஒரு பள்ளி மாணவிக்கு. உங்களுக்கு விண்டோஸ்தான். டேலி விண்டோஸுக்கு எழுதியது.

மென்பொருள் ஊழியர், சென்னை: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஓட்டைகளை அடைக்காத கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் கணக்கை வைத்திருப்பதுதான் சரியா? எல்லோரும் லினக்ஸுக்கு வர வேண்டும்.

டிடிபி ஆபரேட்டர், சிவகாசி: தம்பி, என்னிடம் பதினைந்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில், பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. உங்கள் லினக்ஸ் வந்து அதைத் திறந்து கொடுக்குமா?

சென்னை: பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்கிரைபஸ் இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாறுங்கள். தமிழக அரசே 2010-ல் மாறிவிட்டது.

சிவகாசி: அரசு மாறியது. முகூர்த்தம் மாறாது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாளைக் காலையில் வந்து நிற்பார்.

சரி, நிறுத்துங்கள் இரண்டு பேரும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தினமும் இந்தச் சண்டை நடக்கிறது.

பாமினி எழுத்துரு லினக்ஸிலும் தெரியும், அது சாதாரண எழுத்துருக் கோப்புதான். சிக்கல் பேஜ்மேக்கர். லினக்ஸில் ஓடும் லிப்ரேஆபீஸ் டிரா என்ற செயலி அந்தக் கோப்புகளைத் திறக்க முயலும். எழுத்து வரும், அமைப்பு கலையும். பத்திரிகையில் அமைப்புதான் எல்லாம், எனவே சிவகாசி அண்ணாச்சி சொல்வது சரி. அவர் செய்ய வேண்டியது வேறு: பேஜ்மேக்கர் கம்ப்யூட்டரில் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு அதை அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. நெட்டும் அப்டேட்டும் தொல்லை செய்யாத பழைய விண்டோஸ் அந்த வேலைக்கு இன்னும் வேகமாகவே ஓடும்.

சென்னைத் தம்பி ஆதரவு பற்றிச் சொன்னதும் சரிதான். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு வழி கொடுத்தார்கள். கணக்கர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். ஆனால் "எல்லோரும்" என்ற வார்த்தைதான் லினக்ஸுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. தமிழ்த் தட்டச்சைப் பொறுத்தவரை தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை மூன்றும் லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கின்றன. அந்தப் பயம் வேண்டாம்.

கரூர்: கிளீனர் சாஃப்ட்வேர் எதைப் போடலாம்?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதில்.

நாகர்கோவில்: டெம்ப், பிரீஃபெட்ச் ஃபோல்டர்களை தினமும் அழிக்கிறேன். இன்னும் ஸ்லோ.

டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புகளை அழிப்பது இடம் கொடுக்கும், வேகம் கொடுக்காது. பிரீஃபெட்ச் என்பது செயலிகள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அதை தினமும் கிழித்துப் போட்டால் அது தினமும் முதலிலிருந்து எழுதும்.

வேலூர்: அனிமேஷன் எல்லாவற்றையும் அணைத்தேன். கொஞ்சம் வேகம் வந்தது. ஆனால் தமிழ் எழுத்துகள் பல்பல்லாகத் தெரிகின்றன.

எழுத்து ஓரங்களை மென்மையாக்கும் ஒரு கட்டம் மட்டும் டிக்கோடு இருக்கட்டும். மற்றதெல்லாம் போகட்டும்.

காஞ்சிபுரம்: பெட்டி ஏற்காது என்று சொன்னாலும் தந்திரமாக விண்டோஸ் 11 போடலாமாமே?

போடலாம். நீங்கள் கேட்டது வேகம். 4 ஜிபியில் அது 10-ஐவிடக் கனம்.

புதுச்சேரி: ரேமுக்குப் பதில் பென் டிரைவ்?

அது ரேம் ஆகாது. ரெடிபூஸ்ட் என்று விஸ்டா காலத்தில் வந்தது, டிஸ்க்குக்குத்தான் உதவி. 4 ஜிபி இருந்தால் பலன் தெரியாது.

நாமக்கல்: நல்ல பூஸ்டர் ஒன்று சொல்லுங்கள் சார்.

பாலில் கலக்கிக் குடிக்கிற பூஸ்டைத்தான் என்னால் சிபாரிசு செய்ய முடியும்.

திண்டுக்கல் ஆசிரியை, மறுபடியும்: அப்டைம் 63 நாள்! ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப்பில் 14-ஐ அணைத்தேன். இப்போது காபி ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. மஞ்சள் எச்சரிக்கை இல்லை, நீலம்தான். படங்களை மகனின் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தாயிற்று.

நகல் எடுத்ததை எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், டீச்சர்.

ஜிஎஸ்டி கணக்கர், ஈரோடு: ஆபீஸ் பெட்டியைத் தொடவில்லை. வீட்டில் மகனின் பழைய லேப்டாப்பில் மின்ட்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைஃபை வரவில்லை.

பென் டிரைவில் இருந்த பழைய கோப்புகள் எல்லாம் அழிந்திருக்கும், தெரியும்தானே? சரி. சில வைஃபை சிப்களுக்கு அவற்றை இயக்கும் நிரலான டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். போனை கேபிளில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். அதன் வழியாக நெட் வரும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவரை அதுவே காட்டும். அப்ளை கொடுங்கள். பிடித்துப்போய் நிறுவும்போது இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

ஈரோடு: வந்துவிட்டது. சென்னைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம்.