காலையில் பின்பக்கம் உட்கார்ந்துவிடும் கார்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பின்புற ஏர் சஸ்பென்ஷன் பற்றியவை. டர்பன் பக்கம் கடற்காற்றும் ஈரமும், கரும்புத் தோட்டச் சாலைகளின் புழுதியும் சேர்ந்து ரப்பருக்குச் செய்யும் வேலை அது. கீழே ‘காற்றுப்பை’ என்று எழுதுவது, சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் பையை. ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து வரும் பை வேறு. அந்த ரப்பர் பைக்குக் காற்று அடிக்கும் மின்சாரப் பம்ப்தான் கம்ப்ரஸர்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2006 பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் டூரிங் (ஈ61) இருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் பின்பக்கம் வலது மூலை மட்டும் தாழ்ந்து கிடக்கிறது. ஓட்ட ஆரம்பித்ததும் தூக்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்று என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. காலையில் உங்கள் காரைத் தூக்கி நிறுத்துவதே அந்தக் கம்ப்ரஸர்தான். கெட்டுப்போனது தூக்குமா? காற்று எங்கோ கசிகிறது, அதை ஈடுகட்ட அது தினமும் கூடுதலாக ஓடுகிறது. இப்படியே விட்டால் சில மாதங்களில் உண்மையாகவே போய்விடும். கசிவை அடைக்காமல் புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

வலது, இடது பைகளுக்குத் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. ஒரு மூலை மட்டும் இறங்கினால் குற்றவாளி மூன்றில் ஒன்று: அந்தப் பக்கத்துப் பை, அதன் குழாய், அல்லது வால்வ் பிளாக்கில் (இரண்டு வால்வுகளும் சேர்ந்திருக்கும் கட்டை) அந்தப் பக்கத்து வால்வு. பத்து வயது தாண்டிய வண்டியில் முதல் சந்தேகம் பைமேல்தான்.

முதலில் அளந்து பாருங்கள். சக்கர ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நிறுத்தியவுடன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, காலையில் கதவையோ பூட்டையோ திறக்குமுன் ஒரு தடவை. கதவைத் திறந்தாலே சிஸ்டம் விழித்துக்கொண்டு மட்டத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அளவு கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்திலேயே இறங்கினால் பெரிய ஓட்டை, சோப்பில் சீக்கிரம் அகப்படும். விடியும்வரை மெல்ல மெல்ல இறங்கினால் தேடப் பொறுமை வேண்டும்.

பிறகு சோப்புத் தண்ணீர். ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவம், பத்துப் பங்கு தண்ணீர், ஸ்பிரே பாட்டிலில். பை உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கீழ்ப்பக்கம் ரப்பர் உள்நோக்கி மடிந்து உருளும் மடிப்பு. வண்டி மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் அந்த ஒரே பட்டைதான் வளைந்து நிமிர்கிறது. மணல் அந்த மடிப்பில் புகுந்தால் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். வண்டி தரையில் நிற்கும்போது விரிசல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே இரண்டு நிலையிலும் அடித்துப் பாருங்கள்: சக்கரத்தில் நிற்கும்போது ஒரு தடவை, தூக்கி மடிப்பு விரிந்திருக்கும்போது ஒரு தடவை. தூக்கும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது, அதைப் படிக்காமல் ஜாக் வைக்காதீர்கள்.

பை சுத்தம் என்றால், பைக்கு மேலே குழாய் நுழையும் இணைப்பு, அடுத்து வால்வ் பிளாக். இந்த வண்டியில் கம்ப்ரஸரும் வால்வ் பிளாக்கும் பூட் தரைக்கு அடியில்தான். கம்ப்ரஸர் காற்றை வெளியே விடும் முனையில் ஒரு சின்ன ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு தம்ளர் தண்ணீரில் வையுங்கள். வண்டி தூங்கிக்கொண்டிருக்கும்போது குமிழி வந்தால் வால்வு சரியாக மூடவில்லை. மெக்கானிக்குகள் பலர் செய்யாத சோதனை இது, செலவும் இல்லை.

கேள்வி: அதே ஈ61தான். இரண்டு பக்கத்துக்கும் புதுக் காற்றுப்பை வாங்கிவிட்டேன். வீட்டிலேயே மாட்ட எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: இரண்டையும் சேர்த்து வாங்கியது நல்லது. இரண்டுக்கும் ஒரே வயசு, ஒன்று போனால் மற்றதும் வழியில்தான் இருக்கும்.

சாய்வான டிரைவ்வேயில் இந்த வேலை வேண்டாம். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. கியரை ‘பி’யில் போட்டாலும் பூட்டுவது பின்சக்கரத்தைத்தான், ஏனென்றால் பின்சக்கரம் இழுக்கும் வண்டி. பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடம் இரண்டும் பயனற்றவை. வண்டியை நிறுத்திவைப்பது முன்சக்கரங்களுக்கு நீங்கள் வைக்கும் கட்டை மட்டுமே. சமதளமான கான்கிரீட்டில், இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

அடுத்தது ஃபியூஸ். கதவு, பூட் எல்லாம் மூடி, சாவியைத் தள்ளி வைத்து, ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றுங்கள். கழற்றாமல் தூக்கினால் என்ன ஆகும்? சக்கரம் கீழே தொங்கும். உயர சென்சார் ‘வண்டி ரொம்ப உயரத்தில் இருக்கிறது’ என்று சொல்லும். கம்ப்யூட்டர் பையிலிருந்து காற்றை இறக்கிவிடும். நீங்கள் வண்டியை இறக்கும்போது காலிப் பையின்மேல் முழு எடையும் விழும். மடிப்பு தாறுமாறாக மடிந்து அங்கேயே கிழியும். புதுப் பை ஒரே நாளில் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கடைக்காரர்மேல் பழி விழுவதும் இதனால்தான்.

கம்பெனி குறித்த ஜாக் இடத்தில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடக்கூடாது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால் இன்னொரு காப்பு.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பையின் குழாய் இணைப்பை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். உஸ்ஸென்று சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள். உள்ளே பல பார் அழுத்தம் இருக்கிறது, அவசரப்பட்டால் இணைப்பு முகத்துக்கே வரும். பையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் போல்ட்டையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள், பை எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும்படியாக.

பழைய பை வெளியே வந்ததும் அது உட்கார்ந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவையும் சின்னக் கற்களையும் எடுத்து, பெயின்ட் தடவிக் காயவிடுங்கள். ஒரு மிளகளவு கல் போதும், புது ரப்பரைத் துளைக்க.

புதுப் பை மடித்த நிலையில்தான் வரும். அதை விரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மேல்முனையும் கீழ்முனையும் முறுக்கில்லாமல் நேர்கோட்டில் உட்கார வேண்டும். சில டிகிரி முறுக்கிக்கொண்டாலும் ரப்பருக்குள் இருக்கும் நூலிழை ஒருபக்கமாக இழுபட்டுச் சீக்கிரம் பிய்யும்.

குழாயின் நுனியில் பழைய பித்தளை வளையம் கடித்த தடம் இருக்கும். அந்தத் தடத்தோடு சேர்த்து நுனியைப் புது பிளேடால் நேராக வெட்டுங்கள். கட்டிங் பிளையர் வேண்டாம், அது நசுக்கி நீள்வட்டமாக்கும், அங்கே கசியும். பையோடு வந்த புது இணைப்பை முதலில் பையில் முறுக்குங்கள், மென்மையாக, ஏனென்றால் பையின் தலை பிளாஸ்டிக். பிறகு குழாயை முட்டும்வரை தள்ளி, இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது.

இனி காற்று. கையில் டயக்னாஸ்டிக் கருவி இருந்தால் அதன் வழியாகவே இரண்டு பையையும் நிரப்பிவிட்டு இறக்குவது உத்தமம். இல்லாவிட்டால் சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, ஜாக்கை மெல்ல இறக்கி, நீங்கள் குறித்து வைத்த வழக்கமான உயரத்துக்கு 3 அல்லது 4 சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். எடை இன்னும் ஜாக்கில்தான் இருக்க வேண்டும். இப்போது ஃபியூஸைப் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். ‘வண்டி தாழ்ந்திருக்கிறது’ என்று சென்சார் சொல்ல, கம்ப்ரஸர் நிரப்பத் தொடங்கும். இரண்டு பைகளும் காலியாக இருப்பதால் நேரம் எடுக்கும். இரண்டு நிமிடம் தாண்டி ஓடினால் நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த நேரம் முழுதும் சக்கர இடுக்கில் கை இருக்கக்கூடாது, அடியில் யாரும் இருக்கக்கூடாது.

வண்டி தானாக எழுந்து ஜாக்கை விட்டுப் பிரிந்ததும் ஜாக்கை எடுங்கள். சக்கர போல்ட் 120 நியூட்டன் மீட்டர். இணைப்புகளில் சோப்பு அடித்துப் பாருங்கள், மறுநாள் காலை மறுபடி அளந்து பாருங்கள். வேலைக்கு நடுவில் ஏதாவது சஸ்பென்ஷன் கை போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், அதை வண்டி வழக்கமான உயரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் அந்தக் கையின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

கேள்வி: ஜூலையில் மட்டும் காலையில் வண்டி இரண்டு பக்கமும் ஒரே அளவு கொஞ்சம் இறங்குகிறது. டர்பனில் தம்பி வீட்டில் இருந்தபோது இறங்கவில்லை. எழும்பவும் இங்கே நேரம் எடுக்கிறது.
– லெனேசியா வாசகர்

பதில்: கசிவாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டி வந்து நிறுத்தும்போது பைக்குள் காற்று 25 டிகிரி என்றால், ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலம்) குளிர்கால விடியலில் 0 டிகிரி. காற்று சுமார் 8 சதவீதம் சுருங்கும். 20 சென்டிமீட்டர் உயரக் காற்றுத் தூண் என்று வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இறக்கம், இரண்டு பக்கமும் ஒரே அளவில். டர்பனில் இரவுக் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை.

எழும்பத் தாமதம் ஆவதும் ஊரின் உயரத்தால்தான். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, கம்ப்ரஸர் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அவ்வளவு குறைவாகத்தான் இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினாலோ, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ சோப்புப் பாட்டிலை எடுங்கள்.

கம்ப்ரஸர் அனுப்பும் காற்றை உலர்த்தும் டிரையரையும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சி, வண்டி இறங்கும்போது வெளியேறும் காற்றில் காயும். பல வருடம் கசிந்து கசிந்து நிரப்பிய வண்டியில் மணிகள் முழுக்க நனைந்திருக்கும். அந்த ஈரம் வால்வ் பிளாக்குக்குப் போய்த் துருவாகிறது, உறைபனி நாளில் பனிக்கட்டியாகி வால்வை அடைக்கிறது. மணிகள் பொடியாகியிருந்தால் மாற்றி, குழாய்களையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் விர்ரென்று ஓடுகிறது. இரண்டு தடவை பேட்டரி செத்துவிட்டது.
– வெருலம் வாசகர்

பதில்: ரிலே, அதாவது கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டது. அளவுக்கு மீறி ஓடும் கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும், ரிலேயின் முனைகள் சூட்டில் உருகிப் பற்றிக்கொள்ளும். இன்றே ஃபியூஸைக் கழற்றுங்கள், தீப்பிடிக்கும் சமாச்சாரம் இது. ரிலே விலை குறைவு, புதிதே போடுங்கள். ஒட்டக் காரணமான கசிவையும் தேடுங்கள்.

கேள்வி: ஐயா, டொயோட்டா ஹைலக்ஸ் பாக்கியின் (பிக்கப் வண்டி) பின்பக்க இலைப்பட்டைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங்) மேல் துணைக் காற்றுப்பை போட்டேன். கேரவன் இழுத்து வான் ரீனன் கணவாய் ஏறும்போது பின்பக்கம் தாழவில்லை, ஆனால் வளைவில் ஆடுகிறது. காலியாக ஓட்டினால் முதுகு முறிகிறது.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: இரண்டு பைக்கும் ஒரே வால்விலிருந்து ‘டி’ இணைப்பு போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வளைவில் வெளிப்பக்கப் பை அழுந்தும்போது அதன் காற்று உள்பக்கப் பைக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு போட்டால் ஆட்டம் பெருமளவு அடங்கும்.

காலியாக ஓட்டும்போது அழுத்தத்தைக் குறையுங்கள். இத்தகைய துணைப் பைகளில் பலவற்றுக்குக் குறைந்தபட்சம் 5 பி.எஸ்.ஐ., அதிகபட்சம் 100. உங்கள் பையின் தாளில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் மட்டும் ஓட்டாதீர்கள், பை தன்னைத்தானே கடித்துக் கிழியும். பை மிகச் சிறியது, டயர் கேஜைச் செருகி எடுப்பதிலேயே சில பி.எஸ்.ஐ. போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பை போட்டதால் வண்டி தாங்கும் எடை கூடிவிடாது. இலைப்பட்டை முன்னும் பின்னும் இரண்டு முனைகளில் பிரித்துக் கொடுத்த சுமையை, பை சேஸியின் நடு இடத்தில் ஒரே புள்ளியில் தள்ளுகிறது. டபுள் கேப் பாக்கிகளில் கேரவன் மூக்கு எடையும் (இழுக்கும் கொக்கியில் அது அழுத்தும் எடை) பின்தட்டுச் சுமையும் சேர்ந்தால் சேஸி அங்கேயே வளையும். சாமான்களைக் கேபினுக்கு நெருக்கமாக முன்னே ஏற்றுங்கள்.

கேள்வி: காற்றுப்பைக்குள் பஞ்சர் திரவம் ஊற்றலாமா?
– டோங்காட் வாசகர்

பதில்: கூடாது. வண்டி இறங்கும்போது அந்தத் திரவம் காற்றோடு திரும்பி வால்வ் பிளாக்குக்கும் டிரையருக்கும் போய் உறையும். ஒரு பையோடு முடிய வேண்டிய செலவு மூன்று பாகங்களுக்கு ஆகும். வெளியே டயர் மினுக்கும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், பெட்ரோலியம் கலந்தது ரப்பரை ஊதவைக்கும். மாதம் ஒருமுறை மடிப்பில் தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்து மணலை வெளியேற்றுங்கள். பிரஷர் வாஷரை அங்கே கிட்டத்தில் காட்டக்கூடாது.