பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம்

வணக்கம். வீடற்றோர் குடியிருப்பாக நீங்கள் மாற்றிவரும் பாரம்பரியக் கட்டடத்தில், தரைத்தளச் சுவர்ப் பூச்சு உதிர்வதாகவும், ஒப்பந்ததாரர் அதைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைப் பூச்சின் வழியே வெளிவிட்டு உலரும் இயல்புடையது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, உப்புப் பூத்து, நாளடைவில் செங்கல்லின் முகமே விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டும் நிலைக்கு வந்துவிடும். முதலில் மழைநீர்க் குழாய்க் கசிவையும், சுவரையொட்டி மேடேறிப்போன வெளித்தரையையும் சரிசெய்யுங்கள். சுவரைச் சில மாதங்கள் உலரவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூசுங்கள். காத்திருப்புதான் கடினம், வேலை கடினமன்று.

அலங்கார முன்கூடத்தைத் தடுத்து மேலும் நான்கு அறைகள் எடுக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் கருத்து. நியூயார்க்கில் டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டலை 1990களில் 652 வீடுகளாக மாற்றியபோது, பாழடைந்திருந்த அதன் முன்கூடத்தை அறைகளாக்காமல் பழைய அழகுக்கே மீட்டார்கள். தவிர, பாரம்பரியக் கட்டட அனுமதி வழங்குவோர் முதலில் ஆட்சேபிப்பதும் இத்தகைய தடுப்புகளைத்தான்.