காட்பாடித் தம்பிக்கு: அந்தப் பெட்டியும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம்

காட்பாடியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வரப்போகிற தம்பி நாலு கேள்வி கேட்டிருக்கிறார். குளிருக்குக் கோட்டு எங்கே வாங்குவது, லைசென்ஸ் எப்படி எடுப்பது, மாதம் பத்து டாலருக்கு எல்லாத் தமிழ் சேனலும் வருகிற பெட்டியை வாங்கலாமா, மீட்டரை ‘சரிசெய்து’ வைத்திருப்பதால் கரண்ட் பில்லே வராது என்கிற வீட்டுக்குக் குடிபோகலாமா. கோட்டும் லைசென்ஸும் நீங்கள் இங்கே வந்த பிறகு தானாக நடக்கும். மற்ற இரண்டும் வேண்டாம் தம்பி.

நம்ம பக்கம் கம்பத்தில் கொக்கி போட்டு இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கேயும் அது குற்றம்தான். 2003 மின்சாரச் சட்டம் 135-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் முதல் தடவை என்றால் பணம் கட்டி முடித்துக்கொள்ள வழியும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தோடு இங்கே வராதீர்கள். நியூ ஜெர்சியில் மீட்டரில் கைவைத்திருப்பது தெரிந்தால், அந்தக் கரண்டை அனுபவிக்கிறவர்தான் செய்தார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் கைகழுவிவிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

கேபிள் திருட்டுக்கு ஃபெடரல் சட்டம் உண்டு. வீட்டில் பார்ப்பதற்கென்றாலும் ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதம் சிறை வரை போகலாம். இது இன்டர்நெட்டில் ஓடுகிற பெட்டி, கேபிள் இல்லையே என்பார்கள். திருட்டு ஒளிபரப்பைக் காசுக்கு நடத்துகிறவர்களைப் பிடிக்க 2020-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆளிடமா உங்கள் கார்டு நம்பரைக் கொடுப்பீர்கள்?

அப்புறம் விசா. பாஸ்போர்ட்டில் விசா குத்துகிற ஸ்டாம்பிங் படிவத்திலேயே எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கிறார்கள். திருட்டு என்று ஒரு வரி ஏறிவிட்டால் கிரீன் கார்டு வரை துரத்தும். இதையெல்லாம் சாமர்த்தியம் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பழைய ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவர்கள் சிட்டிசன் ஆகிவிட்டார்கள், நாடு கடத்தப்படுவது பையன்தான்.

நான் தொண்ணூறுகளில் வந்தபோது இதே கதை செல்போனில் நடந்தது. அன்றைய அனலாக் போன்களின் எண்களை ஸ்கேனர் வைத்துக் காற்றிலேயே பிடித்து வேறு போனில் ஏற்றிவிடுவார்கள். பில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். அப்படியொரு போனோடு நம்மவர் ஒருவர் சனிக்கிழமைகளில் எங்கள் அபார்ட்மென்டுக்கு வருவார். ஐந்து டாலர் கொடுத்தால் ஊருக்கு எவ்வளவு நேரமும் பேசலாம். என் அறைத்தோழர் வரிசையில் நிற்பார். அந்த ஆள் மாட்டியபோது இவரையும் விசாரித்தார்கள். வேலை போய், படிப்புக் கடனோடு ஆரணிக்குத் திரும்பினார். 1998-இல் சட்டம் இன்னும் இறுகியது. போன் எண்ணை மாற்றும் கருவியைத் தெரிந்தே வைத்திருந்தாலே குற்றம், ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்றார்கள்.

நான் நிமிடத்துக்கு ஒரு டாலருக்கு மேல் கொடுத்துத்தான் பேசினேன். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லை, ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கிற மளிகைக்கடை போன்தான், பி.பி. நம்பர் என்போம். பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். கடைப் பையன் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவருவான். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மளமளவென்று கேட்பேன். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மறுநாள் மட்டும் தாள் கிடையாது. கூட்டம் எப்படி, சித்தப்பா வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று அம்மா சொல்லி முடிக்கும் வரை கேட்பேன். அந்த மாதம் பில் எகிறும், கட்டிவிடுவேன்.