நேர்காணலில் ஒருவரின் பகுப்பாய்வுத் திறனை எப்படிக் கண்டறிவது? புதிர்க் கணக்குகள் உதவுமா?

சின்ன நிறுவனம் நடத்துகிறேன், எண்களைப் பார்த்து யோசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், நாலு புதிர் கேட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானே அதில் சூடுபட்டவன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்திக் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் நானும் இருட்டில் பாலம் கடக்கும் நாலு பேர் கணக்கைத்தான் கேட்பேன். கையில் ஒரே டார்ச், ஒரு தடவைக்கு இரண்டு பேர், தனித்தனியே கடக்க 1, 2, 5, 10 நிமிடம், சேர்ந்து போனால் மெதுவாக நடப்பவரின் வேகம்தான். எல்லோரும் கடக்கக் குறைந்தது எத்தனை நிமிடம்? விடை 17. ஒரு பையன் நான் கேட்டு முடிப்பதற்குள் 17 என்றான். அசந்துபோய் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் மாதம் அவன் அனுப்பிய ரிப்போர்ட்டில், கட்டிங்கில் வெட்டிய பீஸை விடத் தைத்து முடித்த பீஸ் அதிகம்! ஒரு நாள் பதிவு இரண்டு முறை ஏறியிருந்தது. தப்பு யாருக்கும் வரும். ஆனால் வெட்டாத துணியை எப்படித் தைத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பாலம் கணக்கை ஏற்கெனவே எங்கோ படித்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கூகுளில் ஆள்சேர்ப்பைக் கவனித்த லாஸ்லோ பாக் 2013-இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் இதையேதான் சொன்னார்: இந்த மாதிரிப் புதிர்கள் சுத்தமான நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்று. எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

இப்போது நான் செய்வது இதுதான். ஒரு தாளில் இரண்டே வரி. முதல் தையல் லைனில் 1000 பீஸ் தைத்ததில் 50 ரிஜெக்ட். இரண்டாம் லைனில் 1000 பீஸுக்கு 32. எந்த லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்? பேனா, பேப்பர், கால்குலேட்டர் எல்லாம் உண்டு. பத்து நிமிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன், அவர்களாக ஏதாவது கேட்டால் தவிர.

எம்பிஏ முடித்த ஒருவர் உடனே முதல் லைனுக்குப் பயிற்சி, வாராந்திரக் கூட்டம், ஊக்கத்தொகை என்று கடகடவென்று திட்டம் போட்டுவிட்டார். நல்ல பேச்சு. அவருக்குப் பிறகு வந்தது பி.காம் படித்த ஒரு பெண். தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு லைன்லயும் ஒரே பீஸாங்க சார் ஓடுது?" என்றாள்.

அந்தக் கேள்வி வந்தால்தான் இரண்டாவது தாளை எடுப்பேன். முதல் லைனில் ரவுண்ட் நெக் 200, அதில் ரிஜெக்ட் 2. காலர் பீஸ் 800, ரிஜெக்ட் 48. இரண்டாம் லைனில் ரவுண்ட் நெக் 800, ரிஜெக்ட் 16. காலர் 200, ரிஜெக்ட் 16. சதவீதம் போட்டுப் பாருங்கள். ரவுண்ட் நெக்கில் 1-க்கு 2, காலரில் 6-க்கு 8. இரண்டிலும் முதல் லைன்தான் மேல். கஷ்டமான காலர் வேலை அவர்கள் தலையில் விழுந்ததால் மொத்தத்தில் கெட்ட பெயர். புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் 44, பெண்களில் 35 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது என்று வந்து சர்ச்சையானது. துறைவாரியாகப் பிரித்தால் அந்த வித்தியாசம் காணாமல் போனது. கடும் போட்டி உள்ள துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

முரணின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மொத்த எண்ணைப் பார்த்ததும் அதைப் பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஒரு நியாயப் பிரச்சினையும் உண்டு. அந்தப் பெண்ணின் அப்பா பவர்டேபிள் டெய்லர். காலர் தைப்பது எவ்வளவு தொல்லை என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள். அதனால் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அதே எண்களை இரண்டு பள்ளிகளின் தேர்வு முடிவாக மாற்றிக் கொடுக்கிறேன். அப்புறம், தமிழிலேயே விளக்கச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் வார்த்தைக்குத் தடுமாறுகிறவரை யோசிக்கத் தெரியாதவர் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். வந்த எல்லோருக்கும் ஒரே கேள்வி, கூட இருப்பவரிடம் பேசும் முன்பே மதிப்பெண் எழுதிவிடுவது, இந்த இரண்டையும் விடாதீர்கள்.

ஒரே சிக்கல், கேள்வி வெளியே கசிந்துவிடும். போன மாதம் வந்த பையன் தாளைக் கையில் வாங்கும்போதே "என்ன பீஸுங்க சார்?" என்றான். நான் கேள்வியை மாற்றியிருந்தேன். இந்த முறை ஒரு லைனில் செக்கிங்குக்கு ஆள் மூன்று பேர், இன்னொன்றில் ஒரே ஆள்; பார்க்கப் பார்க்கத்தானே ரிஜெக்ட் கண்ணில் படும். "ரெண்டும் ரவுண்ட் நெக்தான் தம்பி" என்றேன். அதற்கு மேல் அவனிடம் கேள்வி இல்லை.