ஓசூர் மாநகராட்சித் தேர்தல்: வாடகைக்கு இருப்பவர் ஓட்டுப் போடலாமா?

தாராளமா போடலாங்க. சொந்த வீடு வேணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. வீட்டுக்காரர் சம்மதமும் தேவையில்ல.

உங்க வாக்காளர் அட்டை இன்னும் தர்மபுரி முகவரியில இருக்குன்னு சொன்னீங்க, சிக்கலே அதுதான். உள்ளாட்சித் தேர்தலுக்குன்னு தனியா பெயர் சேர்க்கிறதில்ல. சட்டமன்றத் தேர்தல் வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியா பிரிக்கிறாங்க. அதனால இப்பவே முகவரி மாத்தற படிவம் 8 போடுங்க. படிவம் 6 வேண்டாம், அது முதல்முறை சேர்க்கிறவங்களுக்கு. போட்டா ரெண்டு இடத்துல பெயர் வந்து தலைவலிதான். முகவரிக்கு கேஸ் பில், பேங்க் பாஸ்புக் மாதிரி ஏதாவது போதும். சந்தேகம்னா வாக்காளர் உதவி எண் 1950-க்கு போன் பண்ணுங்க.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாநகராட்சி மன்றத்தோட ஐந்து வருஷம் 2027 தொடக்கத்துல முடியுது. தேர்தல் அறிவிப்பு வந்தப்புறம் ஓடினா கூட்டத்துல மாட்டுவீங்க.

வார்டு வாரிப் பட்டியல் வந்ததும் உங்க தெரு சரியான வார்டுல இருக்கான்னு பாருங்க. 45 வார்டு. எங்க தெருவுல பாதி, பக்கத்து வார்டுக்குப் போயிருந்துச்சு. ஓட்டுப் போடற அன்னிக்குத்தான் தெரிஞ்சுது!

மேயருக்குத் தனி ஓட்டான்னு கேட்டீங்க. 2022-ல இல்ல. நமக்குக் கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு, மேயரை அவங்க தேர்ந்தெடுத்தாங்க.