வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்களுக்கு இணையவழிக் கூட்டத்தை எப்படித் திட்டமிடுவது?

நியூயார்க், லண்டன், சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்களில் இருக்கும் குழுவுக்கு வாராந்தரக் கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருடைய அலுவலக நேரத்துக்குள்ளும் அடங்கும் ஒரு மணி நேரம் இவற்றுக்கிடையே கிடையாது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஜனவரியில் லண்டனில் பிற்பகல் 1 மணி என்றால் நியூயார்க்கில் காலை 8, சிங்கப்பூரில் இரவு 9. சிக்கல் மார்ச்சில்தான் தொடங்குகிறது. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு அவ்விரு நாடுகளுக்கிடையேயான ஐந்து மணி வித்தியாசம் நான்காகக் குறைந்து, நியூயார்க்கில் இருப்பவருக்கு அதே கூட்டம் காலை 9 மணிக்கு வந்து நிற்கும். சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. ஆகவே பிரிட்டனும் மாறிய பின் அங்கே கூட்டம் இரவு 8 மணிக்கு நடக்கும்.

எனவே தொடர் கூட்டத்தை எந்த நகரத்தின் நேரத்தோடு பிணைப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, நாட்காட்டிச் செயலியில் அந்த நகரத்தின் மண்டலத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றவர்களின் திரையில் உள்ளூர் நேரம் தானாகவே சரியாகத் தெரியும். மின்னஞ்சலில் வெறுமனே ‘மாலை 5 மணி’ என்று எழுதாமல் நகரத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை காலை விடியும்போது நியூயார்க்கில் வியாழன் மாலைதான். இரவு நேரச் சுமை எப்போதும் ஒரே ஊர்க்காரர் மீது விழாதபடி, மாதத்துக்கொரு முறை நேரத்தைச் சுழற்றுவதே நியாயம் என்பது என் கருத்து.